சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது

நெட்வொர்க் ஸ்கேன் செய்யும்போது வரும் பிழைச்செய்திகளில் பெரும்பகுதி, எதிரே இருக்கும் கணினியைவிட ஸ்கேன் செய்கிற நம் சொந்தக் கணினியைப் பற்றியே அதிகம் பேசுகிறது என்பது என் நெடுநாளைய எண்ணம். இதைச் சொன்னால் நண்பர்கள் தலையசைப்பார்கள். ஆனால் லினக்ஸ் டெர்மினலில் என்மேப் என்ற ஸ்கேன் கருவி எதையாவது கக்கியதும் அதே நண்பர்கள் எதிர்த்தரப்பின் ஃபயர்வாலைத்தான், அதாவது போக்குவரத்தைத் தடுக்கும் காவல் சுவரைத்தான், முதலில் திட்டுவார்கள். செய்தியே வராமல் ஸ்கேன் அமைதியாக முடிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அப்போது திட்டக்கூட ஆளில்லை. அறிக்கை மட்டும் அழகாக வந்து நிற்கும். அப்படி அழகாக வந்து நின்ற ஓர் அறிக்கைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் அவ்வப்போது ஆலோசனை சொல்லப் போகும் ஒரு நிறுவனத்தில், உள் நெட்வொர்க் முழுவதையும் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் செய்து, எந்தக் கணினியில் எந்தப் போர்ட், அதாவது சேவைகள் பேசும் எண்ணிட்ட வாசல், திறந்திருக்கிறது என்று பதிவுசெய்யும் வழக்கம் உண்டு. எழுத்துபூர்வ அனுமதியோடு, அதற்கென்றே ஒதுக்கிய ஒரு டெபியன் லினக்ஸ் இயந்திரத்திலிருந்து, நள்ளிரவில் கிரான் என்ற நேரம்பார்த்து ஓட்டும் நிரல் வழியாக, ரூட் என்ற முழு நிர்வாக அனுமதியுடன் ஓடும் வேலை அது. முடிவு ஒரு கோப்பில் சேரும். பிழைச்செய்திகள் போகும் பாதையை யாரோ முன்பே வெற்றிடத்துக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். காலையில் மின்னஞ்சல் பெட்டி நிரம்பாமல் இருக்க வேண்டுமென்று செய்யப்பட்ட ஏற்பாடு. நிர்வாகிகள் பலரும் இதைச் செய்வதுண்டு. நான் இதை ஒருபோதும் ஆதரித்ததில்லை.

அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், புதிய அறிக்கையோடு மகிழ்ச்சியாக வந்தார். "சார், போன தடவையவிட இப்ப எவ்வளவோ தேவலை. எல்லா மெஷின்லயும் இருபத்திரண்டு, எண்பது, நானூத்தி நாப்பத்திமூணு தவிர மத்ததெல்லாம் ஃபில்டர்டுன்னு வருது" என்றார். அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். என்மேப் வழக்கமாகச் சோதிக்கும், இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபி நெறிமுறையின் 1000 போர்ட்களில், ஒவ்வொரு கணினிக்கும் 997 போர்ட்கள் ஃபில்டர்டு (தடுக்கப்பட்டது) என்றும், காரணம் 'பதில் இல்லை' என்றும் இருந்தது. சர்வருக்கும் 997. மேலாளர் அறை மேசைக்கணினிக்கும் 997. மூன்றாம் மாடி பிரிண்டருக்கும் 997.

பிரிண்டர்தான் உறுத்தியது. நெட்வொர்க் பிரிண்டர்கள் அச்சுவேலையை வாங்கிக்கொள்ளும் 9100 என்ற போர்ட் அதில் திறந்திருந்தாக வேண்டும். அந்த அறிக்கையே அதில்தான் அச்சாகி வந்திருந்தது. பிரிண்டர், ஸ்விட்ச், பழைய விண்டோஸ் கணினி, டேட்டாபேஸ் சர்வர் ஆகிய அனைத்தும் ஒரே இரவில் ஒரே மாதிரியான கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் அளவுக்கு ஒழுக்கமான அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னதும் இளைஞர் சளைக்காமல் தன் இருக்கைக்குப் போய், அதே ஸ்கேன் இயந்திரத்தில் நுழைந்து, பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு டெல்நெட் என்ற இணைப்புக் கருவியால் முயன்று பார்த்தார். கர்சர் சிமிட்டிக்கொண்டே நின்றது. பிறகு நேரம் கடந்துவிட்டதாகச் சொல்லி முடிந்தது. "பாருங்க சார், டெல்நெட்டும் போகல. பிரிண்டர்லயே ஏதோ பண்ணியிருக்காங்க" என்றார். என் மடிக்கணினியிலிருந்து அதே முகவரிக்கு அதே போர்ட்டில் முயன்றேன். உடனே இணைந்தது.

பத்துக்கு மேல் பேசாத கருவி

ஸ்கேனைக் கிரானிடமிருந்து பிடுங்கி, கையால், கண்முன்னே ஓட விட்டோம். திரையில் வரிசையாக வந்தது அந்தப் பழகிய செய்தி: செண்ட்டூ என்ற அனுப்பும் அழைப்பு, 44 பைட் பாக்கெட் (தரவுப் பொட்டலம்), சேர வேண்டிய முகவரி, கடைசியில் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்', அதாவது அனுமதி இல்லை. ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பாக்கெட்டால் தகராறு என்ற விவரம். பத்து முறை இப்படிச் சொன்னபின், இதற்கு மேல் இந்தச் செய்தியைக் காட்டப்போவதில்லை, வேண்டுமானால் பிழையறியும் நிலையை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. அதன்பின் அமைதி. ஸ்கேன் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடி முடித்து, வழக்கமான அட்டவணையைக் கொடுத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதுபோல் விடைபெற்றது.

1997 செப்டம்பரில் ஃபிராக் என்ற ஹேக்கர் இதழில் மூலநிரலாகவே அச்சான நாளிலிருந்து என்மேப் எத்தனையோ மாறியிருக்கிறது. அதன்மேல் எனக்குள்ள மதிப்பும் குறையவில்லை. ஆனாலும் இந்த ஓர் இடத்தில் அதன் நடத்தையோடு எனக்கு உடன்பாடில்லை. பாக்கெட்டை அனுப்பும்போது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, 'அனுமதி இல்லை' என்று திருப்பிவிட்டால், அனுப்பும் பகுதிக்கு அது தெரிகிறது, செய்தியாகவும் எழுதுகிறது. ஆனால் போர்ட்டின் நிலையைத் தீர்மானிக்கும் பகுதி, பாக்கெட் போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறது. போகாத பாக்கெட்டுக்குப் பதில் வராது. பதில் வராத போர்ட் ஃபில்டர்டு. தபால் பெட்டியில் போடப்படாமல் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கும் கடிதத்துக்கு மாமா பதில் எழுதவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதைப் போன்றது இது. அறிக்கைக் கோப்பில் அந்தப் பிழைச்செய்தியின் சுவடு எங்கும் தென்படவில்லை. பிழைகள் போகும் பாதை ஏற்கெனவே மூடப்பட்டிருந்ததால், இந்த அலுவலகத்தில் அதை ஒருவரும் பார்த்திருக்க வழியே இல்லை.

செய்தியின் சொற்களும் உதவுவதில்லை. அனுமதி இல்லை என்று படித்ததும் யூனிக்ஸ் பழகிய கை தானாகவே, ரூட் அனுமதி தரும் சூடோ கட்டளையை நோக்கிப் போகும். எங்கள் இளைஞரின் கையும் போனது. ஏற்கெனவே ரூட்டாக இருக்கிறோம் என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. ரூட் அனுமதி இல்லாமல் ரா சாக்கெட் (பாக்கெட்டை நிரலே கட்டி அனுப்பும் வழி) தேவைப்படும் ஸ்கேனைக் கேட்டால் என்மேப் வேறு விதமாகப் பேசும்: இந்த வகை ஸ்கேனுக்கு ரூட் தேவை என்று வெளிப்படையாகச் சொல்லி, தொடங்காமலேயே வெளியேறிவிடும். அது சாக்கெட்டைத் திறப்பதற்கு முன்பே வரும் மறுப்பு. எங்களுக்கு வந்ததோ, சாக்கெட் ஒழுங்காகத் திறந்து, பாக்கெட்டும் தயாராகி, அனுப்பும் கணத்தில் வந்த மறுப்பு. ரூட் இல்லாமல் ரா சாக்கெட்டைத் திறக்க முயலும் பிற நிரல்களுக்கும் இதே சொற்கள் வரக்கூடும், அவ்வளவுதான்.

லினக்ஸ் கர்னலில் நெட்ஃபில்டர் என்ற அடுக்கு, வெளியே போகும் பாக்கெட் ஒன்றைக் கைவிட முடிவு செய்தால், அனுப்பிய நிரலுக்கு அது திருப்பித் தரும் பிழை எண் 1. அதன் சொல்வடிவம்தான் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. பயனரின் தகுதிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஐபிஎஃப்டபிள்யூ ஃபயர்வால் இதே வேலையைச் செய்தால் 'பெர்மிஷன் டினைடு' என்று வேறு எண்ணோடு வரும். அங்கும் மக்கள் சூடோவைத்தான் தேடுகிறார்கள். இந்த இரு பிழைகளுக்கும் என்மேப் மறுமுயற்சி செய்வதில்லை. வேறு சில பிழைகளுக்குச் சற்று நேரம் உறங்கிவிட்டு மீண்டும் அனுப்பிப் பார்க்கும். இவற்றைக் கண்டால் உடனே கைவிட்டுவிடும். மறுமுயற்சியால் பலனில்லை என்று அதற்கே தெரியும் என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

இரண்டு டெர்மினல்கள்

விளக்கத்தைக் கேட்ட இளைஞர் தலையாட்டினாலும் முகம் சம்மதிக்கவில்லை. அவருடைய சந்தேகம் நியாயமானது. "நம்ம மெஷினே தடுக்குதுன்னா, டெல்நெட் ஏன் சார் எரர் காட்டல? சும்மா தொங்கிட்டுத்தான இருந்துச்சு?" என்று கேட்டார். அன்றைய நாளின் மிக நல்ல கேள்வி அதுதான். வழக்கமான டிசிபி இணைப்பில், பாக்கெட்டை அனுப்புவது நிரல் அல்ல, கர்னலே. இணைப்புக்கான முதல் பாக்கெட் உள்ளூர் ஃபயர்வாலில் விழுந்துபோனால், கர்னல் அதைப் பாதையில் தொலைந்த பாக்கெட்டாகக் கருதி மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் அதே இடத்தில் விழுகிறது. நிரலுக்குக் கிடைப்பது நேரக்கடப்பு மட்டுமே. ரா சாக்கெட்டில் தானே பாக்கெட்டைக் கட்டி அனுப்பும் ஸ்கேனுக்கும், பிங் போன்ற கருவிகளுக்கும்தான் மறுப்பு நேரடியாக வந்து சேர்கிறது. ஆக, அதே இயந்திரத்திலிருந்து டெல்நெட் மூலம் சரிபார்ப்பது, தவறான அறிக்கைக்குப் பொய்ச்சாட்சி சேர்ப்பதில் போய் முடியும். ரூட் இல்லாமல் ஓடும் சாதாரண இணைப்பு ஸ்கேனுக்கும் இதே கதிதான். அதில் அந்தப் பத்துச் செய்திகள்கூட வந்திருக்காது.

பேசிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது மேல் என்று, திரையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம், போய்வரும் பாக்கெட்களைக் காட்டும் டிசிபிடம்ப், பிரிண்டரின் முகவரிக்கு மட்டும் வடிகட்டி வைத்து, மறுபக்கம் என்மேப். ஸ்கேனைத் தொடங்கியதும் டிசிபிடம்ப் பக்கத்தில் முதலில், இந்த ஐபி முகவரி யாருடையது என்று கேட்கும் ஓர் ஏஆர்பி கேள்வியும் அதற்குப் பிரிண்டர் தந்த பதிலும் வந்தன. பிறகு 443க்கு, இணைப்பு கேட்கும் ஒரு சின் பாக்கெட், அதற்கு ஏற்பு. 80க்கு ஒன்று, அதற்கும் ஏற்பு. 22க்கு ஒன்று, அதற்கு மறுப்பு. அதோடு சரி. வலப்பக்கத்தில் பிழைகள் பத்தும் ஓடி, என்மேப் மௌனமாகி, ஆயிரம் போர்ட்களையும் சோதித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், இடப்பக்கத் திரையில் இன்னொரு வரி சேரவில்லை. இளைஞர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப மீதி எதுவும் வெளியவே போகல" என்றார், கேள்வியாக இல்லாமல்.

இந்தச் சோதனை வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. வெளியே போகும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது, நெட்ஃபில்டரைக் கடந்து அது கார்டு வரை வந்த பிறகுதான். உள்ளே வரும் பாக்கெட்டையோ, நெட்ஃபில்டர் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுகிறது. ஆகவே வரும் பக்கத்தில் அது காட்டுவதை மட்டும் வைத்து ஃபயர்வால் வழிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. போகும் பக்கத்தில் அது காட்டாததை வைத்து, பாக்கெட் இயந்திரத்தைத் தாண்டவில்லை என்று துணிந்து சொல்லலாம். என்மேப்பும் பதில்களைக் கேட்பதற்கு டிசிபிடம்ப்பின் இதே லிப்பிகேப் (பாக்கெட் பிடிக்கும் நிரல்தொகுப்பு) காதைத்தான் பயன்படுத்துகிறது. அதன் வாய்க்குப் பூட்டு இருந்தது, காதுக்கு இல்லை.

ஏஆர்பி மட்டும் எப்படிப் போனது என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரே ஈதர்நெட் பகுதிக்குள் இருக்கும் கணினி உயிரோடு இருக்கிறதா என்று அறிய என்மேப் ஏஆர்பியைப் பயன்படுத்தும். அது ஐபி அடுக்குக்குக் கீழே நேரடியாக ஃபிரேமாகப் போவதால் ஐபிடேபிள்ஸ் எனப்படும் நெட்ஃபில்டர் விதிகளின் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் அறிக்கையில் எல்லாக் கணினிகளும் 'உயிருடன் உள்ளது' என்று சரியாகப் பதிவாகி, போர்ட்கள் மட்டும் மூடிய சுவராகத் தெரிந்தன. கணினியே இல்லை என்று வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பாதி உண்மையாக இருந்ததால் மீதியும் நம்பப்பட்டது.

வெளியே போகும் பாக்கெட்களுக்கான விதிவரிசையான அவுட்புட் சங்கிலியை எண்ணிக்கையோடு பட்டியலிட்டபோது எல்லாம் வெட்டவெளிச்சமானது. இயல்புக் கொள்கை ட்ராப், அதாவது கைவிடு. அனுமதிக்கப்பட்டவை டிசிபியில் 22, 80, 443, இணைப்பின்றிப் பேசும் யுடிபியில் 53, 123. கொள்கையின் பக்கத்தில் இருந்த பாக்கெட் எண்ணிக்கை, ஸ்கேனை மறுபடி ஓடவிட்டுப் பட்டியலிட்டால் அதற்கேற்ப ஏறியது. பாதுகாப்புக் குழு, சர்வர்களுக்கெல்லாம் பொதுவாக எழுதிய ஓர் இறுக்கல் ஸ்கிரிப்ட்டை இந்த இயந்திரத்திலும் ஓட்டியிருக்கிறார்கள். ஸ்கிரிப்ட்டில் குறையில்லை, ஒரு வெப் சர்வருக்கு அது நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவாக, நெட்வொர்க்கில் இருந்த ஒவ்வொரு கணினியும் ஸ்கேன் இயந்திரத்தின் விதிகளையே தன் விதிகளாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அதே சொற்கள், வேறு காரணங்கள்

இதே பிழை, இதைவிடத் தந்திரமான உருவங்களிலும் வரும் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவுட்புட் சங்கிலி முழுவதும் திறந்திருந்து, 'இன்வேலிட்' (செல்லாத) நிலையில் உள்ள பாக்கெட்களைக் கைவிடு என்ற ஒரே ஒரு விதி மட்டும் இருந்தால், சாதாரண சின் ஸ்கேன் ஒழுங்காக ஓடும். வழக்கமில்லாத கொடிகளை (ஃபிளாக்) வைத்தோ கொடியே இல்லாமலோ பாக்கெட் அனுப்பும் நல், ஃபின், எக்ஸ்மஸ் ஸ்கேன்களும், இயங்குதளத்தைக் கண்டறிய என்மேப் அனுப்பும் சில விநோதப் பாக்கெட்களும் மட்டும் அனுமதி இல்லை என்று திரும்பும். கொடியே இல்லாத டிசிபி பாக்கெட்டை இணைப்புக் கண்காணிப்பு அடுக்கு செல்லாததாகவே முத்திரை குத்தும். இயங்குதளத்தைக் கண்டறிய முடியவில்லை என்று அறிக்கை சொல்வதை நம்பி, எதிரே இருப்பது ஏதோ மர்மக் கருவி என்று முடிவுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

விதியே இல்லாமலும் இது நடக்கும். இணைப்புக் கண்காணிப்பு அட்டவணைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளை நிறுவினால் அது நேட் (முகவரி மாற்றும்) விதிகளைச் சேர்க்கும். அவற்றோடு கண்காணிப்பும் சத்தமில்லாமல் விழித்துக்கொள்ளும். அட்டவணை நிரம்பினால் கர்னல் புதிய பாக்கெட்களைக் கைவிட்டு, 'டேபிள் ஃபுல்' என்று தன் பதிவேட்டில் எழுதும். நிரலுக்கோ அதே எண் 1. இதற்கு அண்டை உறவான இன்னொரு கோளாறு ஏஆர்பி அட்டவணை நிரம்புவது. லினக்ஸில் அதன் மேல்வரம்பு இயல்பாக 1024. ஒரே பகுதியில் இதைவிடப் பெரிய முகவரித் தொகுப்பை கர்னல் வழியாகத் துழாவினால், அண்டை அட்டவணை வழிந்துவிட்டதாகப் பதிவேட்டிலும், பஃபரில் இடமில்லை என்று திரையிலும் வரும். இவை எல்லாவற்றிலும் உண்மை இருக்கும் இடம் கர்னலின் பதிவேடு. ஸ்கேன் அறிக்கையில் எஞ்சுவது ஃபில்டர்டு என்ற ஒரே சொல்.

யுடிபி ஸ்கேனில் மௌனத்துக்கு இன்னொரு காரணம் எதிர்த்தரப்பிலேயே உண்டு என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். மூடிய யுடிபி போர்ட்டுக்கு ஐசிஎம்பி (பிழை அறிவிக்கும் நெறிமுறை) மறுப்பு அனுப்புவதைப் பல இயங்குதளங்கள் மட்டுப்படுத்துகின்றன. விநாடிக்கு ஒன்று என்ற வரம்பை மதித்து 65,536 போர்ட்களையும் சோதித்தால் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டுபவருக்கு, மூடிய போர்ட்களும் திறந்ததாகவோ தடுக்கப்பட்டதாகவோ இருக்கலாம் என்ற இரண்டுங்கெட்டான் விடையே கிடைக்கும்.

குறுக்கு வழியும் நேர்வழியும்

இணையத்தில் இந்தப் பிழைக்கு அடிக்கடி சொல்லப்படும் மருந்து, ஐபி அடுக்கைத் தவிர்த்து ஈதர்நெட் ஃபிரேமாகவே பாக்கெட்டை அனுப்பச் சொல்லும் செண்ட்-ஈத் தெரிவு. ஏஆர்பி தப்பித்த அதே பாதை. போட்டவுடன் பிழை மறைந்துவிடும், போர்ட்களும் தெரியத் தொடங்கும். எனக்கு இந்த மருந்தில் நம்பிக்கையில்லை. திறந்த போர்ட்டில் எந்தச் சேவை, எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்கும் கட்டத்தில் என்மேப் சாதாரண சாக்கெட்டைத்தான் திறக்கிறது. அது மீண்டும் அதே அவுட்புட் சங்கிலியில் போய் முட்டிக்கொள்ளும். போர்ட் திறந்திருக்கிறது, ஆனால் அங்கே யாரென்று தெரியவில்லை என்ற அரைகுறை அறிக்கை வரும். அதைவிட முக்கியம், தன் ஃபயர்வாலைத் தானே சுற்றிக்கொண்டு போகும் இயந்திரத்தில், அந்த ஃபயர்வால் எதற்கு இருக்கிறது என்ற கேள்வி யார் மேசைக்கும் போகாமல் நின்றுவிடும்.

நாங்கள் நேர்வழியே போனோம். உள் முகவரித் தொகுப்புகளுக்கு மட்டும் வெளிச்செல்லும் பாக்கெட்கள் முழுவதையும் அனுமதித்து, அதற்கு மேல் கைவிடப்படுபவற்றைப் பதிவுசெய்யும் விதி ஒன்றைச் சேர்த்தோம். பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதல் வாங்குவதற்கு ஆன நேரம், கோளாறைக் கண்டுபிடிக்க ஆன நேரத்தைவிட அதிகம். பிழைச்செய்திகளின் பாதையை வெற்றிடத்திலிருந்து மீட்டு, அறிக்கையின் பக்கத்திலேயே ஒரு கோப்பாக வைத்தோம். அது காலியாக இல்லாவிட்டால் அறிக்கை யாருக்கும் போகாது. மறுநாள் வந்த முடிவில் பிரிண்டரின் 9100 இருந்தது, டேட்டாபேஸ் சர்வரின் 3306 இருந்தது, ஸ்விட்ச் ஒன்றில் எல்லாரும் மறந்துபோன டெல்நெட் சேவை 23இல் விழித்திருந்தது. போன காலாண்டைவிடத் திறந்த போர்ட்கள் ஏன் இவ்வளவு கூடிவிட்டன என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும், அதற்கு இளைஞர் பொறுமையாக ஒரு பக்க விளக்கம் எழுதியதும் எதிர்பார்த்தவைதான்.

கடைசியாக ஓர் ஏற்பாடு. அந்த நெட்வொர்க்கில் ஒரு பழைய கணினியில், என்மேப்பின் வழக்கமான ஆயிரத்துக்குள் வரும் ஒரு போர்ட்டை, எந்தச் சேவையும் இல்லாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்படி திறந்து வைத்திருக்கிறோம். ஒவ்வோர் அறிக்கையிலும் அது திறந்ததாகத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அந்த அறிக்கை குப்பைக்கு. அடுத்து வந்த வெளித் தணிக்கையாளர்கள் அதைத்தான் முதல் குறையாகக் குறித்தார்கள்: பயனில்லாத போர்ட் திறந்துள்ளது, மூடவும். விதிவிலக்குப் படிவத்தை இளைஞரே நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் இடம் போதவில்லை என்று, தனித்தாள் இணைத்திருக்கிறார்.